பதறாமல் வா

என் அம்மாவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. தென்காசிக்கும் விருதுநகருக்கும் நடுவில் இருக்கிற மூன்று மணி நேரப் பாதையில் அது தவறிப்போனது. வண்டி ரிப்பேராகவில்லை. மழை இல்லை. ரயில்வே கேட்டில் நிற்கவில்லை. நான் அன்று ரொம்ப ஒழுங்காக வண்டி ஓட்டினேன், அதனால்தான் தவறியது. இப்படித்தான் ஊரில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸுக்குக் காலண்டர் ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தேன். வீடு விருதுநகரில். அம்மா, அண்ணன் குடும்பம், அக்கா, நான். எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. ஆடிப் பெருக்கன்று பிரஸ்ஸில் பூஜை போட்டுப் புது வருஷத்துக் காலண்டர் மாதிரிகள் ஒட்டிய ஆல்பத்தை வெளியிடுவார்கள். மறுநாளிலிருந்து தீபாவளி வரைக்கும் எனக்கு வேனில்தான் குடித்தனம். செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் கொல்லம் வரைக்கும் என் லைன். ஆல்பத்தில் முருகனுக்கு அடுத்து மக்கா, மக்காவுக்கு அடுத்து மாதா, அதற்கடுத்து ரோஜாப்பூவோடு ஒரு குண்டுக் குழந்தை. பாய் கையால் முருகன் காலண்டர் வாங்க யாரும் தயங்கியதில்லை. பேரம் பேசவும் தயங்கியதில்லை.

ஒரு சீசனுக்கு முன்னால் முதலாளி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனால், மேஜையில் ஒரு புரூஃப் தாளை விரித்து வைத்துக்கொண்டு ஆவலோடு உட்கார்ந்திருக்கிறார்.

"வாங்க பாய். வெளிநாட்டு ஆர்டர் ஒண்ணு. எழுத்து வலமிருந்து எடமா ஓடுது. இத நீங்கதான் படிச்சுத் தப்புப் பாக்கணும்."

குனிந்து பார்த்தேன். அது ஹீப்ரு. வலமிருந்து இடமாக ஓடுகிற எழுத்தெல்லாம் பாய்மாருக்குத் தெரியும் என்று அந்த மனிதர் நம்பி, ஆர்டரையும் ஒத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு இதில் ஒரு புள்ளிகூடத் தெரியாது என்றதும் அவர் முகம் விழுந்துவிட்டது. நல்லவேளையாக ஒவ்வொரு பக்கத்திலும் கீழே இங்கிலீஷ் இருந்தது. ஹீப்ருவை அனுப்பியவர்களே பார்த்துக்கொள்ளட்டும், இங்கிலீஷை நான் பார்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

வெளிநாட்டில் யூதர்களுக்குக் கார் விற்கிற ஒரு கம்பெனி, தன் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க அச்சடித்த சின்னக் காலண்டர் அது. காருக்குள்ளேயே தொங்கவிடலாம். தல்மூத் என்று அவர்களுக்கு ஒரு பழைய நூல் உண்டு. அவர்களுடைய மார்க்கம் படித்த ஆலிம்கள் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்து வாதாடியதையெல்லாம் தொகுத்து வைத்தது. அதில் பிரயாணம் போகிறவனுக்குச் சொல்லியிருக்கிற புத்திமதிகளை மாதத்துக்கு ஒன்றாக எடுத்துப் போட்டு, இன்றைக்குக் கார் ஓட்டுகிறவன் அதை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்கள். கழுதையில் போனவனுக்குச் சொன்னதைக் காரில் போகிறவனுக்குத் தைத்துக் கொடுத்த மாதிரி.

பொழுது இருக்கும்போதே கிளம்பு, பொழுது இருக்கும்போதே ஊருக்குள் நுழை என்றது ஒரு மாதம். அன்றைக்குத் திருடனுக்கும் பள்ளத்துக்கும் பயந்து சொன்னதாம். இன்றைக்கு எதிர் லைட்டுக்கும் தூக்கத்துக்கும் பொருந்துமாம். வழியில் பெரிய எட்டு வைக்காதே, அது உன் கண் பார்வையில் கொஞ்சத்தைத் தின்றுவிடும் என்றது இன்னொரு மாதம். வேகமாகப் போகிறவன் ஓரத்தில் நிற்கிற ஆட்டைப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான் விஷயம். பஞ்சகாலத்தில் சாப்பிடுகிற அளவுக்கு மேல் வழியில் சாப்பிடாதே என்று ஒன்று. பிரியாணி தின்றுவிட்டு ஸ்டியரிங் பிடித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். வழித்துணையோடு சிக்கலான சட்ட வாதம் பண்ணாதே, பாதை உன்மேல் கோபித்துக்கொள்ளும் என்று ஒன்று. அதற்குக் கீழே, வண்டியை எடுக்குமுன் ஃபோனை அணைத்துவிடு என்று எழுதியிருந்தது. யூசுப் நபி தன் அண்ணன்மார்களை வழியனுப்பும்போது வழியில் கலவரப்பட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாராம்; அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அந்த ஆலிம்கள் இதில் பாதியைச் சொல்லியிருக்கிறார்கள். யூசுப் நபி எங்களுக்கும் உரியவர்தான்.

கழித்துப்போட்ட புரூஃபில் ஒரு தாளைக் கிழித்து வேனின் டேஷ்போர்டில் ஒட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து அதன்படிதான் ஓட்டினேன்.

நான் யார் சொன்னாலும் உடனே தலையாட்டுகிற ஆள் இல்லை. இதைக் கேட்டதற்குக் காரணம் எங்கள் மச்சான், அக்காவின் வீட்டுக்காரர். சில வருஷங்களுக்கு முன்னால் எங்களைப் பெற்ற அத்தா இறந்தபோது மச்சான் வேலையாகத் தூத்துக்குடியில் இருந்தார். அண்ணன்தான் ஃபோன் போட்டுச் சொன்னார். "மாமா மௌத்தாயிட்டாக, உடனே வாங்க மச்சான்." மச்சான் உடனே பைக்கை எடுத்தார். பந்தல்குடிக்குப் பக்கத்தில் ரோட்டோரம் லைட் இல்லாமல் நின்றுகொண்டிருந்த ஒரு லாரியின் பின்னால் போய் விழுந்தார். அத்தாவை மறுநாள் காலையில் அடக்கினோம், மச்சானைச் சாயங்காலம். புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தாவை அக்கா இருந்து முடித்தபோது பேச்சைப் பாதியாகக் குறைத்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் அண்ணன் வாயிலிருந்து 'உடனே' என்ற சொல்லை நான் கேட்டதில்லை. அவருடைய மிளகாய் வத்தல் கடைக்கு லோடு ஏற்ற வருகிற டிரைவரிடம்கூட "பைய போப்பா, மொளகா எங்கயும் ஓடிப்போயிறாது" என்பார்.

டேஷ்போர்டில் ஒட்டியிருந்ததை அண்ணன் பார்த்துவிட்டு, "பிரயாணத்துக்கு நம்மகிட்ட இல்லாத துஆவா? யூதன்கிட்டப் போய்ப் பாடம் படிச்சிருக்கான் பாரு" என்று கிண்டல் பண்ணினார். அப்புறம், "என்னமோ, வண்டி முழுசா வந்து சேந்தாச் சரி" என்றார். நான் நாற்பதுக்கு மேல் ஸ்பீடாமீட்டர் முள்ளை ஏறவிடமாட்டேன். சிவகாசி ரோட்டில் ஆமத்தூர் தாண்டுவதற்குள் பயராபீஸுக்குப் பட்டாசு சுற்றப் போகிற ஆட்களை ஏற்றிக்கொண்டு வருகிற வேன் எல்லாம் ஹாரன் அடித்தே என்னைச் சபித்துவிட்டுப் போகும். அந்த வேன்கள்கூட பட்டாசு லோடு லாரிக்குப் பின்னால் மட்டும் பவ்வியமாகத் தள்ளி வரும். லாரியின் முதுகில் வெடிபொருள் என்று சிவப்பில் எழுதியிருக்கிறதே, அந்த மரியாதை. எல்லா வண்டிக்குப் பின்னாலும் அப்படி எழுதிவைத்தால் ஊரில் ஆக்சிடெண்டே நடக்காது என்று நான் சொல்வேன். யாரும் சிரிக்கமாட்டார்கள்.

அம்மாவுக்கு மட்டும் என் ஓட்டத்தில் பெருமை. சுகர் முற்றி ஒரு கால் விரலை எடுத்திருந்ததால் வாசலுக்கு வருவதில்லை. கட்டிலில் இருந்தபடியே வருகிற போகிறவர்களிடம், "எஞ் சின்னவன் பொழுதடஞ்சு மஃரிபு பாங்கு சொல்றதுக்கு முன்னாடி ஒரு ஊருக்குள்ள போயி உக்காந்துக்கிருவான். அவனப் பத்தி எனக்குக் கவலயே இல்ல" என்பாள்.

அது ஒரு செப்டம்பர் மாதம். புனலூரில் ஒரு ஸ்டேஷனரிக் கடையில் ஆல்பத்தை விரித்து வைத்திருந்தேன். கடைக்காரர் மாதாவா ரோஜாப்பூவா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மொபைல் அடித்தது. மணி மூன்று இருக்கும்.

"எங்கன இருக்க?" என்றார் அண்ணன்.

"புனலூர்ல. ஏண்ணே?"

"அம்மாவுக்குக் கொஞ்சம் முடியல. ஊருக்கு வந்துரு."

"என்ன செய்யுது?"

"சுகர்தான். டாக்டர் பாத்துட்டுப் போயிட்டாரு. அவசரமெல்லாம் இல்ல. பதறாம வா. எப்பவும் வர்ற மாதிரியே வா, என்னா?"

அம்மா மௌத்தாகி அப்போது அரைமணி நேரம் ஆகியிருந்தது.

எங்கள் பக்கத்தில், தூரத்தில் இருக்கிறவனிடம் சாவைச் சாவென்று சொல்லமாட்டார்கள். 'கொஞ்சம் சீரியஸ்' என்பார்கள். சொல்கிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் அதன் அளவு தெரியும். சீரியஸ் என்றால் முடிந்துவிட்டது. ரொம்ப சீரியஸ் என்றால் குளிப்பாட்டியாகிவிட்டது. அந்த ஒரு சொல் வந்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். அண்ணன் அதையும் சொல்லவில்லை. மச்சானுக்குச் சொன்ன வாய் அது, மறுபடி சொல்ல வரவில்லை.

நான் ஆர்டரை எழுதி முடித்தேன். கடைக்காரர் ரோஜாப்பூவைத்தான் எடுத்தார். ஃபோனை அணைத்து டேஷ்போர்டுக்குள் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். தென்மலை, ஆரியங்காவு, மலைப்பாதை. கேரளாவுக்கு ஏறி வந்த இரண்டு பட்டாசு லாரிகளுக்கு வளைவுக்கு முன்னாலேயே ஒதுங்கி வழிவிட்டேன். டிரைவர்கள் கையைத் தூக்கிவிட்டுப் போனார்கள். செங்கோட்டையில் நிறுத்திச் சாயங்கால அசர் தொழுதேன். ஒரு டீ, ஒரு வடை. பஞ்சகாலத்துக்கு அதுவே ஜாஸ்தி. அம்மாவுக்காக ஒரு துஆ கேட்டேன். நல்லபடியாக வேண்டும் என்று கேட்டேன்.

தென்காசிக்குள் நுழையும்போது வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எப்போதும் தங்குகிற லாட்ஜில் வண்டியைப் போட்டேன். கீழேயே ஒரு எஸ்.டி.டி. பூத். மொபைலை மறுபடி ஆன் பண்ணத் தோன்றவில்லை. பூத்திலிருந்தே வீட்டுக்குப் போட்டேன். முதல் மணியிலேயே அண்ணன் எடுத்தார்.

"தென்காசிக்கு வந்துட்டேன்ணே. அம்மா எப்படி இருக்காக?"

"தூங்குறாக."

"நான் வேணா தங்காம இப்பவே கெளம்பி வந்துரவா? ஒம்பதரைக்கெல்லாம் வந்துருவேன்."

அந்தப் பக்கம் பேச்சில்லை. அந்த இடைவெளியில் பின்னால் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதுகிற சத்தம் கேட்டது. பெண்கள் குரல். அப்புறம் ரிசீவரைக் கையால் பொத்திய மாதிரி எல்லாம் அடங்கிப்போனது. மறுபடி அண்ணன் குரல் வந்தது.

"வேணாம். இருட்டிருச்சு. தங்கிட்டுக் காலைல வா."

நோயாளிக்கும் யாசீன் ஓதுவதுண்டு. பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்து மெல்ல ஓதுவார். நான் கேட்டது ஒருத்தருடைய குரல் இல்லை. ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து எப்போது ஓதுவார்கள் என்று எங்கள் தெருவில் பிறந்த எவனுக்கும் தெரியும். யாருண்ணே ஓதுறது என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டிருந்தால் அண்ணன் சொல்லியிருப்பார். சொன்னால் நான் கிளம்ப வேண்டும். கிளம்பினால் இருட்டில், நெஞ்சில் அதை வைத்துக்கொண்டு, புளியங்குடியும் சிவகிரியும் தாண்டிப் போக வேண்டும். போய் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

"சரிண்ணே" என்று வைத்துவிட்டேன்.

இரண்டு இட்லி சாப்பிட்டேன். தொழுதேன். பொழுது சாய்ந்தபிறகு ஓட்டக்கூடாது என்பது விதி, நான் விதிப்படி இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு படுத்தேன். தூக்கம் வராது என்றுதான் நினைத்தேன். நன்றாகவே வந்தது. கனவுகூட இல்லை. இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை.

காலையில் வெளிச்சம் வந்ததும் கிளம்பினேன். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாம் வழக்கம்போல வந்து வழக்கம்போலப் போயின. சிவகாசியில் பிரஸ் வழியில்தான் இருந்தது. ஆர்டர் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று இறங்கினேன். அம்மாவுக்கு முடியவில்லை என்று ஊருக்குப் போகிற மகன் ஆர்டர் கொடுக்க இறங்குவானா? முதலாளி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். முந்தின நாள் அண்ணன் என்னைத் தேடி அங்கேயும் பேசியிருந்தார்.

"நீங்க இன்னும் வீட்டுக்குப் போகலயா பாய்? இதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். போங்க. பைய போங்க."

சீசனில் அந்த மனிதர் யாரையும் பைய போகச் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் தெருமுனையில் திரும்பியபோது பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாடகைக்கு எடுத்ததைத் திருப்பி அனுப்புகிறார்கள். அண்ணன் வாசலில் நின்றிருந்தார். வேன் நின்றதும் என்னிடம் வரவில்லை. முதலில் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், பம்பரைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் என் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"வழியில ஒண்ணும் ஆகலயே?"

"இல்லண்ணே."

"அம்மா நேத்து மத்தியானமே மௌத்தாயிட்டாக. நீ தென்காசில தங்குறேன்னதும் ராத்திரி இஷா தொழுகைக்கப்பறம் எடுத்துட்டோம்."

"சரிண்ணே" என்றேன். சாவியைத் திருப்பினேன், ஹேண்ட் பிரேக்கைப் போட்டேன், கியரில் நிறுத்தினேன், கண்ணாடியை ஏற்றினேன். அண்ணன் அழுதுகொண்டே காத்திருந்தார்.

மையவாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மண் இன்னும் ஈரமாக இருந்தது. துஆ ஓதினேன். திரும்பி வந்து, எதிர் வீட்டிலிருந்து வந்திருந்த இடியாப்பத்தை நான்கு சாப்பிட்டேன், இன்னும் இரண்டு வைத்தார்கள், அதையும் சாப்பிட்டேன். அண்ணன்மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தால் என்ன பேச வேண்டும் என்றுகூட மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடக்கிற மாதிரி மூன்று நாள் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். பாவம், இடிஞ்சு போயிட்டான் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். பெற்ற தாய் முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்காதவன் என்று என்னைத் தடவிக் கொடுத்தார்கள். நான் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

மூணாம் நாள் ஓதி முடித்து எல்லோரும் போனபிறகு அக்கா என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள். அம்மாவின் துணிகளை யாருக்குக் கொடுப்பது என்று கேட்கப்போகிறாள் என நினைத்தேன்.

"அண்ணன்மேல கோவமா இருக்கியா?"

"இல்லக்கா."

"இருந்தா இருக்காத. அவுக சொல்லத்தான் போனாக. இப்பவே கெளம்பி வரவான்னு கேட்டேல்ல, அப்பச் சொல்ல வாயத் தொறந்துட்டாக. நாந்தான் போனப் பொத்துனேன். சொன்னீகன்னா நான் இந்த வீட்டுல இருக்கமாட்டேன்னேன்."

அக்கா முக்காட்டை இழுத்து வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ரோட்டுல இருந்து ஒருத்தரத் தூக்கிட்டு வந்தாச்சு. இன்னொருத்தர என்னால பாக்க முடியாது. அதுக்காக அம்மா மொகத்த ஒனக்கு இல்லாமப் பண்ணிட்டேன். பண்ணது நாந்தான். வேற யாருமில்ல."

மச்சான் போனபிறகு அவள் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி நான் பார்த்ததில்லை.

"ஒனக்கு அன்னைக்கு ஒண்ணும் வெளங்கலதான?" என்று கேட்டாள். "தெரியாமத்தான தூங்குன?"

அவளுக்கு நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். யாசீன் கேட்டுச்சுக்கா, எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் அவள் சுமை அந்த நிமிஷமே இறங்கிவிடும். அம்மாவின் முகத்தை அவள் என்னிடமிருந்து பிடுங்கவில்லை, நானாகத்தான் விட்டேன் என்று ஆகிவிடும். தாய் மையத்தாகக் கிடக்கிறாள் என்று தெரிந்தும் இட்லி தின்றுவிட்டுத் தூங்கியவன் இவன் என்றும் ஆகிவிடும்.

"தெரியாதுக்கா" என்றேன்.

அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு மன்னிச்சிரு என்று அழுதாள். மன்னிச்சுட்டேன் என்றேன். வருஷா வருஷம் அம்மாவுக்கு ஓதுகிற அன்று, எல்லோரும் சாப்பிட்டுப் போனபிறகு, அக்கா மறுபடியும் வந்து அதையே கேட்கிறாள். நானும் வருஷா வருஷம் அவளை மன்னித்துக்கொண்டிருக்கிறேன்.